மாஷ் வெப்பநிலை: கீழிருந்து மேலே

ஆல் கிரெய்ன் முறைக்கு, அதாவது மால்ட் பாகை வாங்கிக் கரைக்காமல் முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே (இதுதான் மால்ட்) பீர் காய்ச்சும் முறைக்கு மாறுகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான்: மாஷை, அதாவது அரைத்த மால்ட்டைச் சூடான நீரில் ஊறவைத்த கலவையை, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? பதிலாக ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலும் 66, சில சமயம் 67. பிறகு ஒரு மணி நேரம் முழுக்க தெர்மாமீட்டர் அந்த எண்ணை விட்டு அசைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்போம். பல வருடங்கள் காய்ச்சிய பிறகு என் மனதில் உறுதிப்பட்டிருப்பது வேறு. அந்த ஒரு மணி நேர அசையா நிலை நாம் நினைக்கிற அளவு முக்கியமில்லை. முதல் கால் மணி நேரத்தில் மாஷ் எந்தப் பக்கத்திலிருந்து அந்த எண்ணை வந்து தொட்டது என்பதுதான் பீரின் உடம்பைத் தீர்மானிக்கிறது. கீழிருந்து ஏறி வந்தால் எல்லாம் நம் கைக்குள் இருக்கும். மேலிருந்து இறங்கி வந்தால், தெர்மாமீட்டர் 66 காட்டினாலும் அது வேறு மாஷ்.

ஏன் என்று புரிய, தானியத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பார்லியின் மாவுச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு அமைலோஸ், முக்கால் பங்கு அமைலோபெக்டின். முதலாவது நீளமான நேர்ச்சங்கிலி. இரண்டாவது கிளை கிளையாகப் பிரிந்தது. இரண்டுமே குளுக்கோஸ் அலகுகள் கோத்தவை. ஈஸ்டால் இவ்வளவு நீளமான சங்கிலியைத் தின்ன முடியாது. அதற்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டுவது மால்ட்டிலேயே இருக்கும் இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸ் சங்கிலியின் நுனியிலிருந்து மட்டும், இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கிக்கொண்டே போகும். அந்த இரட்டைதான் மால்டோஸ், ஈஸ்டுக்குப் பிடித்த உணவு. கிளை பிரியும் இடம் நெருங்கியதும் பீட்டா நின்றுவிடும். ஆல்பா அமைலேஸ் அப்படியில்லை. சங்கிலியின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். அதன் ஒவ்வொரு வெட்டும் பீட்டாவுக்குப் புதிதாக ஒரு நுனியைத் திறந்துவிடுகிறது. ஆல்பா தனியாக வேலை செய்தால் ஈஸ்ட் தொடாத பெரிய துண்டுகள், டெக்ஸ்ட்ரின்கள், நிறைய மிஞ்சும். அவை பீரிலேயே தங்கி அதற்குக் கனத்தைக் கொடுக்கும்.

இரண்டும் ஒரே வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. பீட்டாவுக்கு ஏற்றது 60 முதல் 65 டிகிரி வரை. ஆல்பாவுக்கு 70ஐ ஒட்டிய வெப்பம். நாம் பிடித்துக்கொண்டிருக்கும் 66 என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். பீட்டா தளர்ந்துகொண்டிருக்கும், ஆனால் இன்னும் வேலை செய்யும். ஆல்பா முழு வேகத்தில் இல்லை, ஆனால் போதுமான வேகத்தில் இருக்கும். இரண்டு டிகிரி கீழே போனால் பீட்டாவின் கை ஓங்கி, பீர் வறண்டு, மெலிந்து, ஆல்கஹால் சற்றுக் கூடும். இரண்டு டிகிரி மேலே போனால் கனமும் லேசான இனிப்பும் மிஞ்சும்.

எண்ணில் சொன்னால், 1.050 ஒப்படர்த்தியில் (நீரை 1 என்று வைத்தால் திரவத்தின் அடர்த்தி; சர்க்கரை ஆல்கஹாலாக மாறமாற இது இறங்கும்) தொடங்கும் இரண்டு பீர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1.008ல் முடிகிறது, மற்றது 1.014ல் முடிகிறது. முதலாவதில் ஆல்கஹால் 5.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், இரண்டாவதில் 4.7ஐ ஒட்டி. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எதையும் மாற்றாமல், மாஷ் வெப்பநிலையைக் கொண்டே இவ்வளவு தூரத்தை நகர்த்த முடியும். சமையல் குறிப்பில் இருக்கும் வேறெந்த எண்ணுக்கும் இந்த சக்தி இல்லை என்பேன்.

திசை பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. நொதி என்பது புரதம். சூட்டில் புரதத்தின் மடிப்பு குலையும். வெந்த முட்டை வெள்ளையைக் குளிரவைத்தால் அது மறுபடி தண்ணீராகாது. சூட்டில் குலைந்த பீட்டா அமைலேஸும் மாஷ் ஆறியதும் எழுந்து உட்காராது. இது விளக்கை அணைப்பது போல் ஒரு நொடியில் நடப்பதும் இல்லை. 63 டிகிரியில் பீட்டா நெடுநேரம் தாங்கும். 66ல் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தாலும் வேலையை முடிக்கும் அளவு நேரம் அதற்கு இருக்கும். 70ஐத் தொட்டால் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி போய்விடும். ஆக, 71ல் தொடங்கி, பதறிப்போய்க் கிளறி, பத்து நிமிடத்தில் 66க்குக் கொண்டுவந்த மாஷில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆல்பாதான். அதற்குப் பிறகு 66ல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது 70ல் செய்த மாஷ் போலத்தான் நடந்துகொள்ளும். மறுபக்கம், 63ல் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து 66க்கு ஏற்றிய மாஷில் எதுவும் இழக்கப்படவில்லை. பீட்டாவுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் நல்ல நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கீழ்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி, உப்பி, வெடித்துக் கூழாகும் வரை நொதிகளால் அவற்றை எளிதாக நெருங்க முடியாது. பார்லி மாவுச்சத்து கூழாவது ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரிக்குள். கதிர் முற்றும் பருவத்தில் வெயில் கடுமையாக இருந்திருந்தால் இந்த எண் மேலே நகரும். அதனால்தான் ஒரே மால்ட் ஆலையின் ஒரே பெயருள்ள மூட்டை, ஒரு வருடம் 62ல் அழகாகக் கரைந்து, அடுத்த வருடம் அதே 62ல் மந்தமாக நிற்கும். அப்படி நின்றால் கலங்க வேண்டாம். ஏற்ற வேண்டியதுதான். ஏறுவதற்கு எப்போதும் வழி இருக்கிறது. அரிசியும் மக்காச்சோளமும் கூழாகப் பார்லியைவிட அதிகச் சூடு கேட்பவை. அந்தச் சூட்டில் பீட்டா தாங்காது என்பதால் அவற்றைத் தனியாக வேகவைத்துத்தான் மாஷில் சேர்க்க வேண்டும்.

இனி நடைமுறை. முதல் கால் மணி நேரம் சரியாக அமைய வேண்டுமானால் கணக்கு மாஷுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தானியத்தை ஊற்றும் முன் நீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரே எடை என்று பார்த்தால், ஒரு டிகிரி சூடேற மால்ட்டுக்குத் தேவைப்படும் வெப்பம் நீருக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான். கணக்கில் 0.41 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதை ஒரு கிலோ தானியத்துக்கு எத்தனை லிட்டர் நீர் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். வந்ததை, நமக்கு வேண்டிய வெப்பநிலைக்கும் தானியத்தின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய வெப்பநிலையுடன் கூட்ட வேண்டும். தானியம் 25 டிகிரி, வேண்டியது 66, கிலோவுக்கு 3 லிட்டர் நீர் என்றால், வித்தியாசம் 41. 0.41ஐ 3ஆல் வகுத்து 41ஆல் பெருக்கினால் சுமார் 5.6. நீர் 71.6 டிகிரியில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பாத்திரம் இல்லை. குளிர்ந்த பாத்திரமும் சூட்டைக் குடிக்கும். சூட்டை வெளியே விடாத கூலர் பெட்டியில் மாஷ் செய்கிறவர்கள் கொதிநீரை ஊற்றி மூடி, கொஞ்ச நேரம் கழித்து அதைக் கொட்டிவிட்டுத் தொடங்கினால் பாத்திரத்தைப் பற்றிய ஊகமே தேவைப்படாது. இன்னும் எளிய வழி: மாஷுக்கான நீரையே வேண்டியதைவிடச் சற்று அதிகச் சூட்டில் பெட்டியில் ஊற்றி, அது கணக்கிட்ட எண்ணுக்கு இறங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகு தானியத்தைக் கொட்டுவது. பெட்டி குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும். நான் செய்வது இதைத்தான்.

தானியத்தின் வெப்பநிலையைப் பலர் ஊகித்துவிடுகிறார்கள். ஊகிக்காதீர்கள். மூட்டைக்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். குளிரான அறையில் கிடந்த தானியத்துக்கும் அடுப்பின் பக்கத்தில் அரைத்து வைத்த தானியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். கிலோவுக்கு 3 லிட்டர் கணக்கில் பத்து டிகிரி என்பது மாஷில் ஒரு டிகிரிக்கும் மேல்.

துணிப்பையில் தானியத்தைப் போட்டு, முழு நீரையும் ஒரே பானையில் வைத்துச் செய்யும் முறையில் இந்த இடைவெளி சுருங்குகிறது. 5 கிலோ தானியத்துக்கு 28 லிட்டர் நீர் என்றால் அதே கணக்கில் நீர் 69 டிகிரியில் இருந்தால் போதும். அதாவது முதலில் விழும் தானியம் சந்திக்கும் சூடு 71.6 இல்லை, 69. முதல் நிமிடங்களில் பீட்டாவுக்கு இது நல்லது. ஆனால் இன்னொரு பக்கம் இழப்பும் உண்டு. கெட்டியான மாஷில் நொதிகள் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். நீர்த்த மாஷில் அந்தப் பாதுகாப்பு குறைவு. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டுவதால், துணிப்பை முறைக்கென்று தனி எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

என் முதன்மையான பரிந்துரை: கணக்கு சொல்லும் எண்ணுக்கு ஒரு டிகிரி கீழே குறிவையுங்கள். பக்கத்தில் ஒரு கெட்டிலில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். தானியத்தைச் சீராகக் கொட்டிக்கொண்டே கிளறி, உலர்ந்த உருண்டைகள் எல்லாம் உடையும் வரை விடாமல் கிளறுங்கள். இந்த உருண்டைகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே பசை போல மூடிக்கொண்டு, உள்ளே உலர்ந்த மாவு நீரையே பார்க்காமல் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து உடைத்துப் பார்த்தாலும் உள்ளே வெள்ளை மாவுதான் இருக்கும். மூடி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கிளறி, மூன்று நான்கு இடங்களில் அளவெடுங்கள். அதற்குப் பிறகுதான் திருத்தம்.

அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பெரிய விஷயம். கொட்டிய உடனே மேற்பரப்பில் அளந்தால் 62 காட்டும்; அடியில் 69 இருக்கும். 62ஐ நம்பிக் கொதிநீரை ஊற்றினால், எல்லாம் கலந்த பிறகு 70 வந்து நிற்கும். மால்ட்டுக்கு வந்த சேதம் குறைவான சூட்டால் வந்ததைவிட, குறைவு என்று நினைத்துக்கொண்ட பதற்றத்தால் வந்ததே அதிகம் என்று தோன்றுகிறது.

திருத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது, அதை மனதில் வைத்திருப்பது கைநடுக்கத்தைக் குறைக்கும். 5 கிலோ தானியம், 15 லிட்டர் நீர் உள்ள மாஷை 64லிருந்து 66க்கு ஏற்ற, கொதிநீர் ஒரு லிட்டர். ஏறத்தாழ அவ்வளவேதான். அதே மாஷை 69லிருந்து 66க்கு இறக்க, 25 டிகிரி நீர் ஒன்றேகால் லிட்டர். ஏற்ற வேண்டியிருந்தால் நிதானமாக, அரை லிட்டர் ஊற்றி, கிளறி, அளந்து, மீதியை ஊற்றலாம். இறக்க வேண்டியிருந்தால் நிதானத்துக்கு இடமில்லை. குளிர்ந்த நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், உடனே ஊற்றிக் கிளற வேண்டும். அளவுகளில் பெரிய வித்தியாசமில்லை, அவசரத்தில்தான் வித்தியாசம். அதனால்தான் கீழே குறிவைக்கச் சொல்கிறேன்.

நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடேற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தீயை அணைத்த பிறகும் அடிப்பகுதியின் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பானையின் அடியில் பொய்த்தட்டு (தானியத்தைத் தாங்கும் துளைத்தட்டு) இருந்தால், அதற்குக் கீழே தேங்கிய வோர்ட் (மாஷிலிருந்து வடியும் இனிப்பு நீர்) மிகச் சூடாக இருக்கும்போது தெர்மாமீட்டர் நடுவில் சாதுவான எண்ணைக் காட்டும். குறி எண்ணுக்கு இரண்டு டிகிரி முன்பே தீயை அணைத்து, கிளறிவிட்டுப் பார்ப்பது நல்லது. துணிப்பை அடியில் ஒட்டிக் கருகாதபடி பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான்.

இவ்வளவையும் ஒரு தெர்மாமீட்டரை நம்பிச் செய்கிறோம். அது பொய் சொன்னால்? பனிக்கட்டிக் கூழில் 0, கொதிநீரில் 100 என்று சரிபார்ப்பது எல்லோரும் சொல்வது. கொதிநிலை உயரத்தைப் பொறுத்து மாறும், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு முனைகளிலும் சரியாக இருக்கும் கருவி நடுவில் தவறலாம். நமக்கு வேண்டியது 60க்கும் 70க்கும் இடையில் சரியாக இருப்பது. நம்பகமான ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் பத்திரமாக வைத்து, 65 டிகிரி நீரில் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துவைப்பதுதான் சரியான வழி. பாதரசம் உள்ள கண்ணாடித் தெர்மாமீட்டரை மாஷின் அருகே கொண்டுவரவே வேண்டாம். உடைந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். பானையின் பக்கவாட்டில் துளையிட்டுப் பொருத்தும் வட்டமுள் கருவிகள் பார்க்க அழகு, ஆனால் அவை காட்டுவது பானைச் சுவரை ஒட்டிய சூட்டை. அவற்றை நான் நம்புவதில்லை.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை யோசிக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பு வரும். ஃபாரன்ஹீட்டின் பாதரசத் தெர்மாமீட்டர் 1714ல்தான் வந்தது. லண்டனில் பீர் காய்ச்சிய மைக்கேல் கொம்ப்ரூன் அதை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவருவது பற்றி 1758லும் 1762லும் எழுதினார். மால்ட்டிலிருந்து நொதியைப் பிரித்து, அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயர் வைத்தவர்கள் பிரான்சின் அன்செல்ம் பேயனும் ஜான் ஃபிரான்சுவா பெர்சோவும், அது 1833. தெர்மாமீட்டருக்கு முன் ஆங்கிலேயர்கள் கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி நீரில் தங்கள் முகம் தெரிகிற வேளையில் மால்ட்டைச் சேர்த்தார்கள்.

ஜெர்மானியர்களும் செக் நாட்டவரும் கண்டுபிடித்தது இன்னும் நுட்பமானது. மாஷின் கெட்டியான பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அள்ளி, தனியாகக் கொதிக்கவைத்து, திரும்பவும் முதல் பாத்திரத்தில் ஊற்றினார்கள். நீர் எங்கே கொதித்தாலும் ஏறத்தாழ ஒரே சூடு. மூன்றில் ஒரு பங்கு என்பதை அளக்க அகப்பை போதும். 50 டிகிரியில் இருக்கும் மூன்றில் இரண்டு பங்கோடு 100 டிகிரியில் இருக்கும் ஒரு பங்கைச் சேர்த்தால் கணக்குப்படி 66ஐத் தாண்டும். வழியில் ஆறுவதைக் கழித்தால் அறுபதுகளின் நடுவில் நிற்கும். நாம் டிஜிட்டல் கருவியை வைத்துக்கொண்டு தேடும் அதே இடம். கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடுமே என்று கேட்கலாம். அவர்கள் கொதிக்கவைத்தது கெட்டியான பகுதியை. நொதிகள் கரைந்திருந்தது பின்னால் விட்டுவந்த நீர்த்த பகுதியில். மேலும் ஒவ்வொரு அடியும் மேல்நோக்கியே. சூட்டை இறக்கும் படி அந்த முறையில் எங்கும் இல்லை.

நொதி நீரில்தான் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தி, இன்றைய பம்ப் வைத்த கருவிகளுக்கும் அப்படியே பொருந்தும். வோர்ட்டைப் பம்ப் மூலம் சுழற்றி, வெளியே ஒரு குழாயிலோ சுருளிலோ சூடேற்றி, தானியத்தின் மேல் மறுபடி ஊற்றும் அமைப்புகள் இப்போது பரவலாகிவிட்டன. கன்ட்ரோலர் பத்தில் ஒரு டிகிரி வரை காட்டுகிறது. பார்க்கும்போது மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் சென்சார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது தானியப் படுகையின் நடுவில் இருந்தால், படுகை 64 காட்டும்போது கன்ட்ரோலர் இன்னும் சூடு வேண்டும் என்று ஹீட்டரை முழு வேகத்தில் எரியவிடும். அந்த நேரத்தில் ஹீட்டரைக் கடக்கும் வோர்ட் 75ஐத் தாண்டிக்கொண்டிருக்கலாம். பீட்டா அமைலேஸ் கரைந்திருப்பது அந்த வோர்ட்டில்தான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அங்கே அழிகிறது. திரையில் 66ஐ ஒரு முறைகூடத் தாண்டாத மாஷ், பானைக்கு வெளியே நொதியை இழந்திருக்கும். பம்பின் ஓட்டம் மந்தமானால் நிலைமை இன்னும் மோசம்.

சென்சாரை ஹீட்டரிலிருந்து வோர்ட் வெளியேறும் இடத்தில் வைப்பதே சரி என்பேன். அங்கே இருப்பதுதான் அமைப்பிலேயே மிக அதிகமான சூடு. அதைக் கட்டுக்குள் வைத்தால் மற்ற இடங்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்க முடியும். படுகை அந்த எண்ணை எட்டக் கொஞ்ச நேரம் கூடுதலாகும். ஆகட்டும். கீழிருந்து ஏறுகிறது, அவ்வளவுதானே.

சூடு இறங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கூலர் பெட்டியில் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரி குறையும். போர்வை சுற்றாத எஃகுப் பானையில் ஐந்து டிகிரிகூடக் குறையலாம். அளவு சிறிதானால் இழப்பு வேகமாகும், ஏனென்றால் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சின்னப் பானைக்கு மேற்பரப்பு அதிகம். இன்றைய மால்ட்டில் மாவுச்சத்தின் பெரும்பகுதி முதல் 20, 30 நிமிடங்களிலேயே சர்க்கரையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு 66லிருந்து 64க்கு மெல்ல இறங்கினால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. மூடியைத் திறந்து பார்ப்பதால் போகும் சூடுதான் அதிகம். ஒரு தடித்த போர்வை போதும். சின்ன அளவில் செய்கிறவர்கள், குறைந்த சூட்டுக்கு ஏற்றி அணைத்த ஓவனுக்குள் பானையோடு தள்ளிவிடலாம்.

மாஷ் முடிந்ததா என்று பார்க்க அயோடின் சோதனை உண்டு. தெளிந்த வோர்ட் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு துளி அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது. உமி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உமி எப்போதும் நீலமாகும். துளியை மாஷில் திருப்பி ஊற்றக் கூடாது. பயனுள்ள சோதனைதான், ஆனால் அது சொல்வது மாவுச்சத்து தீர்ந்தது என்பதை மட்டும். தீர்ந்தது மால்டோஸாகவா டெக்ஸ்ட்ரினாகவா என்பது அதற்குத் தெரியாது. 70ல் செய்த மாஷ் அயோடின் சோதனையில் மிக வேகமாகத் தேறிவிடும். அந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

வறண்ட, துல்லியமான லாகர் வகை பீர் வேண்டும் என்றால் நான் படிப்படியாக ஏற்றும் முறைக்குத்தான் போவேன். ஜெர்மனியில் ஹோக்குர்ட்ஸ் என்று சொல்லப்படும் வரிசை: 62, 63 டிகிரியில் 30, 40 நிமிடம் பீட்டாவுக்கு, பிறகு 70, 72க்கு ஏற்றி அரை மணி நேரத்துக்குமேல் ஆல்பாவுக்கு, கடைசியில் 76, 77. ஒரே எண்ணில் இருவரையும் சமாதானப்படுத்துவதற்குப் பதில் இருவருக்கும் தனித்தனி நேரம் கொடுக்கிறோம். பீரை எவ்வளவு வறட்டுவது என்பதை முதல் படியின் நீளம் தீர்மானிக்கும். டிகிரியைவிட நிமிடத்தைக் கட்டுப்படுத்துவது சுலபம் என்பதால், தெர்மாமீட்டரில் அரை டிகிரிப் பிழை இருந்தாலும் இந்த முறை மன்னித்துவிடும். அடுப்பு இல்லாமல் கொதிநீர் ஊற்றியே செய்ய நினைத்தால் மட்டும் முன்கூட்டிக் கணக்குப் போடுங்கள். 5 கிலோ, 15 லிட்டர் மாஷை 66லிருந்து 76க்கு ஏற்றவே 7 லிட்டர் கொதிநீர் வேண்டும். பானையில் இடம் இருக்க வேண்டுமே. கெட்டியாகத் தொடங்குவது இதற்காகத்தான்.

மாஷின் அமிலத்தன்மை பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. குளிரவைத்த மாதிரியில் பிஎச் 5.2க்கும் 5.6க்கும் இடையில் இருந்தால் நொதிகள் வசதியாக இருக்கும். நீரில் கால்சியம் இருப்பது ஆல்பாவுக்குத் தாங்கும் வலிமை தரும். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசியாக, மாஷ் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீர் முடியும் ஒப்படர்த்தியைப் பார்த்து என்று சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல். 1.016ல் நின்றுவிட்ட பீரைப் பார்த்து மாஷ் சூடாகிவிட்டது என்று முடிவுகட்டுவோம், அடுத்த முறை இரண்டு டிகிரி குறைப்போம். ஈஸ்ட் குறைவாகப் போட்டதோ, அறை குளிர்ந்து ஈஸ்ட் தூங்கிவிட்டதோ காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதை அதிகம் பயன்படுத்தாதது எனக்கு வருத்தம். கொதித்து ஆறிய வோர்ட்டில் ஒரு குவளையைத் தனியே ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேவையைவிடப் பல மடங்கு ஈஸ்ட் போட்டு, மூடியை இறுக்காமல், வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அது முடிந்துவிடும். அந்த மாதிரி வந்து நிற்கும் எண்தான், அந்த வோர்ட்டில் அந்த ஈஸ்ட் போகக்கூடிய கடைசி எல்லை. அது மாஷ் எழுதிய எண். நொதிக்கலனின் சூடோ ஈஸ்டின் அளவோ அதில் தலையிடவில்லை.

பெரிய கலனில் இருக்கும் பீர் அந்த எண்ணுக்கு வந்துவிட்டால், இனி கனத்தையும் வறட்சியையும் மாஷில் மாற்றிக்கொள்ளலாம், ஒரு முறைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். மாதிரி 1.009க்குப் போய், கலன் 1.016ல் நிற்கிறதென்றால் மாஷைத் தொடாதீர்கள். கலனைக் கொஞ்சம் சூடாக்கி, அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கலக்கிவிட்டு, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.